ஒரு மைக்கும் மூன்று மேளங்களும்

புவனோஸ் ஐரெஸ்
2 ஜூலை 1987

சுல்மா,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே அடுப்பில் போடத் தோன்றியிருக்கும். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் போடு.

போன சனிக்கிழமை பேக்கரிச் சங்க விழாவில் என்னைப் பாடச் சொன்னார்கள். வண்டிக் குதிரைப் பாட்டைப் பாடினேன். மேளம் ஏது, மேஜையைத் தட்டிக்கொண்டுதான். விருந்துக்கு லெதெஸ்மா என்று ஒருவர் வந்திருந்தார். சின்னதாக ரெக்கார்டு கம்பெனி வைத்திருக்கிறவர். பாட்டு முடிந்ததும் என் தோளைப் பிடித்தவர் விடவே இல்லை. “இதுக்குப் பின்னாடி உங்க மொந்தேவிதேயோ மேளம் இருந்தா எப்படி இருக்கும் தெரியுமாப்பா?” என்கிறார். எனக்குத் தெரியாதா!

இசைத்தட்டில் ஒரு பக்கம் தருகிறாராம். ஆனால் மேளக்காரர்களைக் கப்பலேற்றிக் கூட்டிவர மாட்டார். ஊரிலேயே பதிந்து, கேசட்டாக இந்த மாதக் கடைசிக்குள் வர வேண்டும். வராவிட்டால் தாளப்பெட்டி வைத்துக்கொள்ளலாம் என்கிறார். பட்டனைத் தட்டினால் தானே அடிக்குமே, அந்தச் சனியன்.

நீயே வந்து பதிவு செய் என்பாய். எந்த வாசலில் வந்து நிற்பது? கார்னிவல் ஊர்வலத்தில், நடுத்தெருவில், “கிழவர் தாளத்தை இழுத்துட்டு ஓடுறார்!” என்று நான் கத்தியதும், “இனிமே என் வாசப்படி மிதிக்காதே” என்று உன் அப்பா சொன்னதும் ஊருக்கே தெரியும். வீடும் அவருடையது, மேளக் கூட்டமும் அவருடையது. என் மனைவியாக இருந்தும் நீ அவர் பக்கமே நின்றுவிட்டாய். சரி, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

நெரிஸின் மச்சான் கப்பலில் வேலை பார்க்கிறானே, அவனிடம் ஒரு மைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஒன்றுதான் கிடைத்தது. என் கேசட் ரெக்கார்டர் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. முன்னறையில் சுவரோரம் மெத்தைகளை நிமிர்த்தி வை, எதிரொலி அடங்கும். மூன்று பேரையும் நாற்காலி போட்டு உட்கார வை: பெரிய மேளம் மில்டன், சின்ன மேளம் நெரிஸ், நடு மேளம் உன் அப்பா. விளக்குக் கொக்கியில் மைக்கைத் தொங்கவிடு.

இது அமைந்தால் பேக்கரியை விட்டுவிடுவேன். ஊருக்கு வருவதற்கு எனக்கும் ஒரு முகம் இருக்கும்.

எபெர்


மொந்தேவிதேயோ
13 ஜூலை

எபெர்,

ஐந்து மாதம் கழித்துக் கடிதம் போடுகிறாய், அதில் எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. மெத்தையை நிமிர்த்து, மைக்கைத் தொங்கவிடு! நல்லது, நிமிர்த்தியாயிற்று.

அப்பாவிடம் ஒளிக்கவில்லை. காலையில் மாத்தே இலைத் தேநீர் ஊற்றிக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன். குவளையைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினார். பிறகு, “பாட்டு அவனுது. மேளம் யாருது?” என்றார்.

“உங்களுது.”

“அப்ப வாசிக்கிறேன். அவனுக்காக இல்ல. ஆத்துக்கு அந்தக் கரையில இருக்கறவனுங்களுக்கும் மேளம்னா என்னன்னு தெரியட்டும்.”

நேற்று ஞாயிற்றுக்கிழமை பதிவு. மெத்தை போதாமல் பக்கத்து வீட்டு ஒஃபேலியாவிடம் இரவல் கேட்டேன். “உங்க வீட்ல யாருக்காவது உடம்பு முடியலையா?” என்று பதறி ஓடி வந்துவிட்டாள். நாயைக் கட்டிப் போட்டேன், கடிகாரத்தைக் கழற்றி வைத்தேன். முற்றத்தில் பழப்பெட்டிகளை உடைத்துத் தீ மூட்டி மூவரும் மேளங்களைக் காய்ச்சினார்கள். தோல் கணீரென்று ஏறியதும் உள்ளே தூக்கிக்கொண்டு ஓட்டம்.

அப்புறம்தான் கூத்து. மூவரும் பிறந்ததிலிருந்து தோளில் வார்போட்டு நடந்தே வாசித்தவர்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் மேளத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தொடையிடுக்கில் வைத்து, தரையில் சாய்த்து, கடைசியில் நெரிஸ் நாற்காலியோடு கவிழ்ந்தான். “கால் நடக்காம கை எப்படிம்மா போகும்?” என்று மில்டன் என்னைக் கேட்கிறார். அவர்கள் இடம் கண்டுபிடிப்பதற்குள் குளிரில் தோல் தணிந்துபோயிற்று. திரும்பத் தீ, திரும்ப ஓட்டம்.

எப்படியோ பதிந்தாயிற்று. போட்டுக் கேட்டேன். எனக்கு என்னவோ போல இருந்தது. அப்பா கேட்கவில்லை, வாசித்து முடித்ததும் எழுந்து போய்விட்டார். கேசட்டை நெரிஸின் மச்சானிடம் கொடுக்கிறேன்.

இங்கே நல்ல குளிர். உன் கம்பளிச் சட்டை இன்னும் ஆணியில் தொங்குகிறது. தகவலுக்காகச் சொன்னேன், வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

சுல்மா


புவனோஸ் ஐரெஸ்
16 ஜூலை

சுல்மா,

எப்படி இருக்கிறாய்? கேட்டுவிட்டேன்.

கேசட் தேறாது. லெதெஸ்மாவின் அறையில் போட்டுக் கேட்டோம். அவர் சிரித்தார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

என்ன ஆயிற்றென்று சொல்கிறேன். அந்த ரெக்கார்டருக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. பெரிய சத்தம் வந்தால் பயந்து தானே எல்லாவற்றையும் தணித்துவிடும். உன் அப்பா அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் மற்ற இரண்டு மேளமும் தண்ணீரில் முங்கி எழுகின்றன. சின்ன மேளம் கேட்கவே இல்லை. அது கேட்காவிட்டால் நான் எதைப் பிடித்துக்கொண்டு பாடுவது? மெத்தைகள் வேறு சத்தத்தின் உயிரையே குடித்துவிட்டன.

மைக் ஒன்றாக இருந்தால் வழியும் ஒன்றுதான், சத்தம் அதிகமானவர் தள்ளிப் போக வேண்டும். நெரிஸ் மைக்குக்குக் கீழே. மில்டன் சற்றுத் தள்ளி. உன் அப்பா அறையிலேயே இருக்கக் கூடாது. பின்முற்றத்துச் சலவைத் தொட்டி பக்கத்தில் நிறுத்து, கதவைப் பாதி சாத்திவிடு. அங்கிருந்து வந்தால்தான் அளவாக இருக்கும்.

இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை, வெறும் கணக்கு. பக்குவமாக எடுத்துச் சொல். இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடு. லெதெஸ்மா தாளப்பெட்டியை ஏற்கெனவே மேஜைமேல் கொண்டுவந்து வைத்துவிட்டார், தினமும் அதைத் தடவிக்கொண்டே என்னோடு பேசுகிறார்.

எபெர்


மொந்தேவிதேயோ
20 ஜூலை

எபெர்,

பக்குவமாகச் சொல்லவாம்! நீ வந்து சொல்லிப் பாரேன்.

ஊர்வலத்தில் முன்வரிசை ஓரத்தில் யார் நடப்பது என்பதற்காக இந்தத் தெருவில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த இடத்தில் அப்பா நடக்கத் தொடங்கியபோது நான் பிறக்கவேயில்லை. அவரைப் போய்ச் சலவைத் தொட்டி பக்கத்தில் நில்லுங்கள் என்று என் வாயால் சொன்னேன். மெஷின், மைக், கணக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். மில்டனும் நெரிஸும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்பா கத்துவார் என்று பயந்தேன். கத்தியிருந்தால் தேவலை. “எங்க நிக்கச் சொன்னே, இன்னொரு தரம் சொல்லு” என்றார். சொன்னேன். “ஈரத்துணி காயப்போடற எடத்துல.” என்னைக் கேட்பதுபோலவே இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு வாரைத் தோளிலிருந்து கழற்றி, மேளத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நேற்றிரவு சாப்பிட வரவில்லை. மழை பெய்தது, அவருக்குப் பிடிக்குமே என்று மாவு பிசைந்து ரொட்டி பொரித்தேன். வாசனைக்குக்கூட வெளியே வரவில்லை.

சரி, நீங்கள் இருவராவது வாசியுங்கள் என்றால், “ஒங்கப்பா ஓரோஸ்மான் இல்லாம நாங்க தொட மாட்டோம்மா” என்று மில்டன் கிளம்பிவிட்டார். தீ மூட்டிய பெட்டிகள்தான் வீண்.

கேள், எபெர். உனக்கு அவர் மேளம் வேண்டும், அவர் வேண்டாம். அவர் கையைமட்டும் வெட்டி உறையில் போட்டு அனுப்பினால் உனக்குச் சந்தோஷம். அவரோ நீ இருக்கிற திசைக்கே முதுகைக் காட்டுகிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். நம் மேளத்துக்காவது ஒரு பக்கம்தான் தோல். எனக்கு இரண்டு பக்கமும் வலிக்கிறது.

உன் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து மடித்து வைத்துவிட்டேன்.

சுல்மா


புவனோஸ் ஐரெஸ்
23 ஜூலை

சுல்மா,

உங்கள் வீட்டு மனிதர்களுக்கு ரோஷம்தான் சோறு.

அங்கே பலேர்மோ பேட்டைப் பக்கத்தில் வில்சன் இருக்கிறான், நடு மேளம் நன்றாக வாசிப்பான். அவனைக் கூப்பிடு. சலவைத் தொட்டிக்குள்ளேயே உட்காரச் சொன்னாலும் உட்கார்ந்து வாசிப்பான். அது எதிர்த் தெருக் கூட்டம், ஓட்டமே வேறு, ஊர் சிரிக்கும் என்று சொல்வாய். சிரிக்கட்டும். இசைத்தட்டில் தெருப் பெயர் எழுதுவதில்லை.

அதுவும் முடியாதென்றால் விட்டுவிடு. பெட்டியை வைத்தே பாடிக்கொள்கிறேன். பெட்டி கோபித்துக்கொள்ளாது. பாடிவிட்டு இங்கேயே தங்கிவிடுவேன். நீ வருவதானால் வா, வராவிட்டால் உன் இஷ்டம். எத்தனை நாளைக்கு ஆற்றின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையைக் கெஞ்சிக்கொண்டிருப்பது?

எபெர்


மொந்தேவிதேயோ
27 ஜூலை

எபெர்,

உன் கடிதத்தை அடுப்பில்தான் போட்டேன். வில்சனின் பெயரை இந்த வீட்டுச் சுவர்கூடக் கேட்கவில்லை.

நேற்று ஞாயிறு, மழை விட்டிருந்தது. மதியம் வழக்கம்போல எல்லோரும் தெருமுனையில் தீ மூட்டி மேளம் காய்ச்சத் தொடங்கினார்கள். அப்பாவும் ஒரு வாரத்துக்குப் பிறகு அறையை விட்டு வந்தார். என்னிடம் பேசவில்லை. வாசலில் நின்று அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடக்கும்போது அந்த மனிதருடைய முதுகே வேறு. அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. இத்தனை நாளும் ஆளை நகர்த்தப் பார்த்தோம், மைக்கை நகர்த்தலாம் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

உள்ளே ஓடிப்போய் ரெக்கார்டருக்குப் புது பேட்டரி போட்டுச் சந்தைப் பையில் வைத்தேன். காற்று இரையாமலிருக்க மைக்குக்கு உன் கம்பளிக் காலுறையை மாட்டினேன். தெருமுனைக்குப் போனதும் அப்பா பார்த்துவிட்டார்.

“என்னடி அது, சந்தைக்கா கெளம்பிட்டே?”

“உங்க மேளத்தைப் புடிக்க வந்தேன்.”

முகம் இறுகிப்போயிற்று. “எங்க நிக்கணும் நான்?”

“நீங்க எங்கேயும் நிக்க வேண்டாம்ப்பா. நடங்க.”

என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு வாரைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வரிசைக்குப் போனார்.

பெண்கள் மேளத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டு போவோம், மேளங்களுக்கு நடுவில் நுழைந்தது கிடையாது. நான் நுழைந்தேன். “எங்கம்மா வர்றே, மிதிபடுவே!” என்று மில்டன் அதட்டினார். காதிலேயே வாங்கவில்லை. அப்பா ஓங்கி அடிக்கும்போது பின்னால் நகர்ந்து நெரிஸின் பக்கம் ஒட்டிக்கொண்டேன். சின்ன மேளம் நன்றாகப் பிடிபட்டதும் மெல்ல மில்டனிடம் சாய்ந்தேன். அப்பா தன் மேளத்தின் பேச்சைக் குறைத்து மற்றவர்களைக் கேட்கும் இடம் வருமே, அப்போது முன்னால் ஓடினேன். நீ சொன்ன கணக்கேதான், என் காலால் போட்டேன். மாதாகோயில் முனை வரை வந்ததும் கையும் போயிற்று, மூச்சும் போயிற்று.

வீட்டுக்கு வந்து கேட்டேன். எபெர், உட்கார்ந்து அழுதுவிட்டேன். மூன்று மேளமும் இருக்கிறது. இது அவர்கள் வாசிப்புதான். நடுவில் என் மூச்சிரைப்பு இருக்கும், வேர்க்கடலைக்காரன் ஒருவன் கூவுவான், ஒரு பேருந்து ஹாரன் அடிக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்பாவும் கேட்டார். முடிந்ததும், “அவன்கிட்ட அனுப்பிடு” என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் இந்த முறை ‘அவனுக்காக இல்ல’ என்று சேர்க்கவில்லை. பிப்ரவரிக்குப் பிறகு இந்த வீட்டில் உனக்குக் கிடைத்த மரியாதை இதுதான்.

நாளைக் காலைக் கப்பலில் வருகிறது. பிரதி எடுக்க இங்கே வசதியில்லை, இது ஒன்றுதான். இதைக் கேட்கும்வரை எந்தப் பெட்டியையும் தொடாதே.

சுல்மா


புவனோஸ் ஐரெஸ்
31 ஜூலை

சுல்மா,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, நேராகவே எழுதுகிறேன்.

ஆற்றில் பனிமூட்டம் இறங்கித் துறைமுகத்தை மூடிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை வர வேண்டிய கப்பல் நேற்றுத்தான் வந்தது. நான் செவ்வாய்க்கிழமையே பாடிவிட்டேன். பெட்டியை வைத்து.

மாதக் கடைசிவரை நாள் இருந்ததே என்று கேட்பாய். இருந்தது. “புதன்கிழமை வேற யாருக்கோ பதிவு ரூமைக் கொடுத்துட்டேன், இன்னிக்கே முடி” என்று லெதெஸ்மா சொன்னார். இரண்டு நாள் பொறுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் இருபதாம் தேதிக் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. எனக்கு எல்லோர் மேலும் கோபம். உன் அப்பாவுக்கு ஒரு பாடம் கற்பிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பாடினேன்.

நேற்றிரவு பேக்கரியில் மாவு பிசைகிற இடத்தில் வைத்து உன் கேசட்டைக் கேட்டேன். கூட வேலை பார்க்கிறவர்கள் மாவுக் கையோடு வந்து நின்றுவிட்டார்கள். உன் மூச்சு கேட்டது. எந்த முனையில் எந்தப் பக்கம் திரும்புகிறாய் என்றுகூட எனக்குத் தெரிந்தது. அடுப்பிலிருந்த ரொட்டி முழுக்கத் தீய்ந்துபோய் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

இன்று காலை கேசட்டை எடுத்துக்கொண்டு லெதெஸ்மாவிடம் ஓடினேன். மறுபடி பாடுகிறேன், கூலி வேண்டாம் என்றேன். காலைக்கூடப் பிடித்திருப்பேன். “தட்டு அச்சுக்குப் போயிடுச்சுப்பா. பெட்டி கச்சிதமா அடிச்சிருக்கு, ஒனக்கு என்ன கொறை?” என்றார்.

என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது. உன் அப்பாவிடம் என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள். இல்லை, இதுவும் உன் தலையில் கட்டுவதுதான். ஒன்றும் சொல்ல வேண்டாம். கேசட்டைத் திருப்பி அனுப்புகிறேன், அது என்னிடம் இருக்கக் கூடாது.

எபெர்


மொந்தேவிதேயோ
5 அக்டோபர்

எபெர்,

இரண்டு மாதம் உனக்கு எழுதக் கூடாது என்றிருந்தேன். அதற்குப் பிறகு நீ போட்ட மூன்று கடிதங்களும் வந்தன. பிரிக்கவில்லை. இப்போதும் நானாக எழுதவில்லை, எழுதச் சொல்லி உத்தரவு.

உன் பாட்டு ரேடியோவில் வருகிறது. தெரியுமா? முடிவெட்டும் கடையில், கசாப்புக் கடையில், பேருந்தில், எங்கே போனாலும் உன் குதிரைதான். ஒஃபேலியா மெத்தை கொடுத்த உரிமையில் ஊரெல்லாம் பெருமை பேசுகிறாள். அப்பாவுக்குத் தெரியாமல் நான் ரேடியோவை அணைத்து அணைத்துப் பார்த்தேன். எத்தனை நாளைக்கு? முகம் மழிக்கப் போன இடத்தில் கேட்டுவிட்டார். சோப்பு நுரையோடு எழுந்து ரேடியோ பக்கத்தில் போய் நின்றாராம். கடைக்காரர்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, “மேளம் யாரு?” என்றார்.

“யாருமில்லப்பா. ஒரு பெட்டி. பட்டனைத் தட்டினா அதுவே அடிக்குமாம்.”

நம் கேசட் தாமதமாகப் போனதையும், நீ காத்திருக்காமல் பாடியதையும் மறைக்காமல் சொன்னேன். உனக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை. அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

“வேர்க்குமா அதுக்கு?”

“பெட்டிக்கு எப்படிப்பா வேர்க்கும்?”

“அதானே. பாவம், அவன் தனியா பாடியிருக்கான்” என்றார். உன்னை இரண்டு வார்த்தை திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எனக்குத்தான் அதைத் தாங்க முடியவில்லை, அடுக்களைக்குப் போய்விட்டேன்.

நேற்று ஞாயிறு. வசந்தம் வந்தாயிற்று, தெரு கொள்ளாத கூட்டம். தீ மூட்டி, காய்ச்சி, நடக்கத் தொடங்கியதும் அப்பா திடீரென்று தாளத்தை மாற்றினார். மில்டன் திகைத்துப்போய் என்னைப் பார்க்கிறார். உன் குதிரைப் பாட்டின் நடை! நெரிஸ் பிடித்துக்கொண்டான், மில்டன் பிடித்துக்கொண்டார், முன்னால் ஆடிக்கொண்டிருந்த பெண்கள் பாடவே ஆரம்பித்துவிட்டார்கள். ரேடியோ புண்ணியத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். நானும் பாடினேன். பாடக் கூடாது என்றுதான் இருந்தேன், வாய் கேட்கவில்லை.

முதல் சரணம் போனது, இரண்டாவது போனது. மூன்றாவது வந்ததும் தெருவே முழித்தது. ஒருவருக்கும் தெரியாது. அந்த இடம் வருவதற்குள் ரேடியோக்காரன் எப்போதும் விளம்பரத்துக்குப் போய்விடுகிறான். என்னைப் பார்த்தார்கள். நீ அந்தச் சரணத்தை எழுதி முடித்ததே அங்கே போன பிறகுதானே, எனக்கு எப்படித் தெரியும்? வார்த்தையில்லாமல் மேளம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பா வாரைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முதுகைக் காட்டிக்கொண்டே, “ஒம் புருஷனுக்கு எழுது. மூணாவது சரணம் என்னன்னு கேளு. அடுத்த ஞாயித்துக்கெழம வேணும்” என்றார்.

கேட்டுவிட்டேன்.

அதைத் தாளில் எழுதி அனுப்பாதே.

சுல்மா